சத்தம் வராத கொலுசு

செல்வராசு கண்ணை மூடிக்கொண்டு கொலுசை வலது காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார். பிறகு இடது காதுக்குப் பக்கத்தில். உதட்டைப் பிதுக்கி, கொலுசைப் பாபுவிடம் கொடுத்தார்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனி. காலை டீ நேரம். பிரஸ் செக்‌ஷன் ஆட்கள் ஐந்து பேர் சுற்றுச்சுவர் ஓரம் வாதாமர நிழலில் வட்டமாக நின்றோம். என் உள்ளங்கையில் கைக்குட்டை விரிந்திருந்தது. அதில்தான் என் மகளின் வெள்ளிக் கொலுசுகளை முடிந்து எடுத்துப் போயிருந்தேன். பால் மறக்காத குழந்தையின் கொலுசு. இரண்டையும் சேர்த்து மூடினாலும் கைக்குள் இருப்பது தெரியாது.

பாபு கையிலிருந்த ஆயிலை பேண்டில் துடைத்துவிட்டு வாங்கினான். எங்கள் ஐந்து பேரில் அவன்தான் சின்னவன். அவனும் ஆட்டினான்.

"இதுல எப்பிடிண்ணே சத்தம் வரும்? மணிக்குள்ள முத்தே இல்ல."

"நல்லா ஆட்டிப் பாருடா."

"ஆட்டிட்டேன்ணே. தகரத்த ஆட்டினாகூட ஏதாவது கேக்கும்."

மற்ற இரண்டு பேரும் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் கொலுசைக் காதுக்குள்ளேயே நுழைத்துவிடுவார் போலிருந்தது. எல்லாரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்.

"சூசை, உன் மச்சான் மேல தப்பு இல்லப்பா. கடைக்காரன் அவனை ஏமாத்திட்டான்" என்றார் செல்வராசு.

எனக்குப் பெரிய நிம்மதி. வீட்டில் நம்பாத விஷயத்துக்கு நாலு சாட்சி கிடைத்துவிட்டது.

சின்ன அழுகை

அந்தக் கொலுசு கம்பெனி வரைக்கும் வந்த கதையைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பாப்பா பிறந்தபோது நாங்கள் சாரம் பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். முன்கட்டில் வீட்டுக்கார அம்மா. அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து இறந்தவர் என்பதால் தெருவில் எல்லாருக்கும் அவர் சொல்தா வீட்டம்மா; சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். கோபம் வந்தாலும் ஆச்சரியம் வந்தாலும் முதலில் பிரெஞ்சு வரும், தமிழ் பின்னால் வரும்.

பாப்பாவைப் பற்றி எனக்கு முதல் நாளிலிருந்தே ஒரு கவலை இருந்தது. பிள்ளை அழுகிறாள். வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, முகம் சிவக்கிறது, நாக்கு நடுங்குகிறது. ஆனால் சத்தம் மட்டும் பக்கத்துத் தெரு ரேடியோ மாதிரி எங்கிருந்தோ சன்னமாக வருகிறது. தொண்டையில் ஏதாவது கோளாறோ என்று நினைத்தேன். யாரிடம் கேட்பது? நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. நாலு பேர் பேசும்போது ஓரமாக நின்று, அவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். அப்படியே பழகிவிட்டேன்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்ட அன்று எப்படியோ தைரியம் வந்தது. ஊசி போட்ட நர்ஸம்மாவிடம் கேட்டேன்.

"பாப்பாக்குத் தொண்டை நல்லா இருக்காம்மா? சத்தமே வரலியே."

நர்ஸம்மா கையில் பஞ்சோடு என்னைப் பார்த்தார். அப்புறம் என் மனைவி ஸ்டெல்லாவைப் பார்த்தார். "இதுக்கு மேல சத்தம் வந்தா கட்டடம் இடிஞ்சிடும், சார்" என்றார். வரிசையில் நின்ற தாய்மார்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு ஆறுதலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் வரும்போது ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை.

(ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்தத் தொடருக்கு வாராவாரம் நான் எழுதிக் கொடுப்பதை மகள்தான் பிழை திருத்துகிறாள். இந்த இடத்தில் அவள் பேனாவை நிறுத்தி, "என்னப்பா, எல்லா வாரமும் நான் அழுதுகிட்டே இருக்கேன்?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான்.)

ஒரு கிலுகிலுப்பையும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஆட்டினால் சத்தம் வரவில்லை. மாற்றிக்கொள்ளக் கடைக்குத் திரும்பப் போனேன். கடைக்காரர் அதை ஆட்டினார். என் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தரம் ஆட்டினார். வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அதிலும் சத்தம் இல்லை. வாதாட வெட்கமாக இருந்தது, வாங்கி வந்துவிட்டேன். பாப்பா என்னவோ அதைப் பார்த்துச் சிரித்தாள். கலரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஒத்திகை

ஸ்டெல்லா கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்தாள். குழந்தைத் துணிப் பிரிவு முழுக்க அவள் பொறுப்பு. பிரசவ லீவு முடிந்ததும் பகல் பன்னிரண்டரைக்கு மேல் வந்தால் போதும் என்று கடையில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். எனக்கு எப்போதும் காலை ஷிப்ட். அவள் கிளம்புவதற்கும் நான் வருவதற்கும் நடுவில் உள்ள நேரத்துக்குச் சொல்தா வீட்டம்மா பார்த்துக்கொள்வார். அதற்குப் பிறகு இருட்டும் வரை பாப்பா என்னோடு. என் அம்மாவும் இல்லை, அவள் அம்மாவும் இல்லை. வேறு வழியும் இல்லை.

லீவு முடிவதற்கு முன்னால் ஒத்திகை பார்க்கலாம் என்று ஒரு மத்தியானம் ஸ்டெல்லா கோவிலுக்குப் போனாள். பாப்பா தூளியில் தூங்கினாள். நான் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து டேபிள் ஃபேனைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

திடீரென்று முன்னால் நிழல் விழுந்தது. சொல்தா வீட்டம்மா.

"மொந்தியே! கடவுளே! ஏம்பா சூசை, பச்சப் புள்ள அந்த அழுவ அழுவுது, நீ ஃபேன் ரெக்கையத் தொடச்சிகினு உக்காந்திருக்கியே, நீயெல்லாம் மனுசனா?"

திரும்பிப் பார்த்தேன். தூளிக்குள் பாப்பா கை காலை உதறிக்கொண்டு, வேர்த்து, கறுத்துப் போயிருந்தாள்.

ஸ்டெல்லா வந்ததும் அந்தம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஸ்டெல்லா சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கு. உங்களுக்கு மட்டும் கேக்கலியா?"

"கேக்கல."

"கல்யாணமான நாள்ல இருந்து நான் கூப்பிட்டாலும் இப்பிடித்தான். என்னை விடுங்க, நான் பெரியவ. இந்தப் புள்ளைய உங்ககிட்ட விட்டுட்டு நான் எப்பிடிங்க போவேன்?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழுதால் தூக்கியிருப்பேனே! அழுகிற பிள்ளையைத் தூக்காமல் இருக்க எனக்கு என்ன வேண்டுதலா? ஆனால் அந்த அம்மா பொய் சொல்கிறவரும் இல்லை. அன்றிலிருந்து ஸ்டெல்லா குளிக்கப் போனால்கூடப் பாப்பாவை முன்கட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பேன்.

தாய்மாமன் சீர்

ஞானஸ்நானத்துக்கு ஸ்டெல்லாவின் தம்பி பிலிப் வந்தான். டைல்ஸ் போடுகிறவன். தாய்மாமன் கையால் முதல் கொலுசு போடுவது எங்கள் இரண்டு குடும்பத்திலும் வழக்கம். ஸ்டெல்லா அவனிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்: நிறைய மணி வைத்ததாகப் பார்த்து வாங்கு, உன் மாமா தூக்கத்தில் இருந்தாலும் எழுந்துகொள்ள வேண்டும்.

சாமியார் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகு, கோவில் ஹாலில் வைத்துப் பிலிப் கொலுசு போட்டான்.

"மாமா! இனிமே பாப்பா சுண்டு விரல ஆட்டினா போதும், உங்களுக்குக் கேட்டுடும்" என்றான். அவன் குரல் எனக்கு எப்போதும் நன்றாகக் கேட்கும். கட்டடத்தின் மேல்மாடியில் நிற்பவனிடம் பேசுகிற குரல். எல்லாரும் சிரித்தார்கள். ஓரத்தில் நின்று நானும் சிரித்தேன். உள்ளுக்குள் உண்மையாகவே சந்தோஷம். இனிமேல் கேட்கும், பிள்ளையை என்னிடம் கொடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்து, யாரும் இல்லாத நேரம் பார்த்து, பாப்பாவின் காலைப் பிடித்து மெல்ல ஆட்டினேன்.

ஒன்றுமில்லை.

வேகமாக ஆட்டினேன். மணிகள் ஒன்றோடொன்று மோதுவது கண்ணுக்குத் தெரிகிறது. சத்தம் இல்லை.

இரண்டு மூன்று நாள் மனதிலேயே வைத்திருந்தேன். பிறகு தாங்காமல் சொன்னேன்.

"ஸ்டெல்லா, தப்பா நெனைக்காத. கடைக்காரன் பிலிப்பை ஏமாத்திட்டான் போல. மணிக்குள்ள முத்து இல்ல."

அவள் பாப்பாவின் காலிலிருந்து ஒரு கொலுசைக் கழற்றி என் மூக்குக்கு நேரே ஆட்டினாள்.

"இது கேக்கலியா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்லம்மா."

"என் தம்பி முட்டி தேயத் தேய டைல்ஸ் போட்டு வாங்கினது. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க. இப்பிடி நக்கல் பண்ணாதீங்க."

அதோடு பேச்சு நின்றுபோனது. ஸ்டெல்லா பொய்யே சொல்லாதவள். அப்படிப்பட்டவள், சத்தம் வராத கொலுசைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறது என்கிறாள். பிறந்த வீட்டை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் சொல்கிறாள் என்று முடிவு செய்தேன். வேறு எப்படி நினைப்பது?

மறுநாள் காலை, அவள் எழுவதற்கு முன்னால், கொலுசுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஷிப்டுக்குப் போனேன். எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது.

கம்பெனி பாஷை

எங்கள் கம்பெனியில் கதவுக்குப் போடும் கீல் செய்தார்கள். தகட்டை வைத்து பெடலை மிதித்தால் பிரஸ் வந்து விழும். வரிசையாகப் பல பிரஸ். ஷிப்ட் முழுக்க விழுந்துகொண்டே இருக்கும்.

அந்த இரைச்சலில் உள்ளே பேச முடியாது. அதனால் கையால் பேசுவோம். இரண்டு முழங்கையையும் குறுக்கே வைத்தால் 'நிறுத்து'. புருவத்தைத் தூக்கி, மூடிய கையைச் சுற்றிக் காட்டினால் 'மெஷின் எப்படிப் போகுது?' உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, தண்ணீரில் தோணி போவது மாதிரி அசைத்தால் 'ஓடுது, தொந்தரவு இல்லை'. கட்டைவிரலை உதட்டில் வைத்தால் டீ. வாய் அசைவைப் பார்த்தும் பேச்சைப் புரிந்துகொள்வோம். வெளியே வந்த பிறகும் முகத்தைப் பார்த்தே பேசுவோம், கத்தியே பேசுவோம். அது எங்களுக்கு வித்தியாசமாகத் தெரிந்ததில்லை. எல்லாரும் அப்படித்தானே இருந்தோம்.

மெஷின் சரியாக ஓடவில்லை என்றால் எங்களுக்குக் காது சொல்லாது, பாதம் சொல்லும். தரையில் வருகிற அதிர்வு மாறும். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றால் எந்த பிரஸ் தடுமாறுகிறது என்று சொல்லிவிடுவோம்.

சரி, வாதாமரத்தடிக்கு வருகிறேன்.

செல்வராசு தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாபு விடவில்லை. கொலுசை மறுபடி எடுத்து விளையாட்டாக ஆட்டிக்கொண்டே இருந்தான். அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால், கேட் பக்கத்திலிருந்து, டீ கேனும் சைக்கிளுமாக அஞ்சலை வந்தாள். தினமும் எங்களுக்கு டீ கொண்டுவருகிறவள். எங்களிடம் கத்திப் பேசிப் பழகியவள்.

"யாரு வூட்டுப் பாப்பா வந்துருக்கு? கொலுசு சத்தம் கேட் வரைக்கும் கேக்குது!"

சைக்கிளை நிறுத்திவிட்டு எங்கள் கால்களுக்கு நடுவில் குனிந்து தேடினாள். "எங்க பாப்பா? காட்டுங்கண்ணே."

பாபுவின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

செல்வராசு அவனிடமிருந்து கொலுசை வாங்கினார். அஞ்சலைக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்து ஆட்டினார்.

"இப்ப கேக்குதா?"

"ஆட்டுறியேண்ணே, கேக்காதா?"

கையை நிறுத்தினார். "இப்ப?"

"இப்ப ஆட்டல."

மறுபடி, ஒரே ஒரு தரம், விரல் நுனியால் மட்டும் அசைத்தார்.

"தோ, இப்ப லேசா. இன்னாண்ணே, எல்லாரும் புள்ளைங்க மாரி வெளையாடிகினு இருக்கீங்க? டீ ஆறுது!"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், இருக்கிறதா என்று பார்ப்பது போல. செல்வராசு கொலுசை என் கைக்குட்டையில் வைத்தார்.

"கொஞ்ச வருசமா என் பொண்டாட்டி திருந்திட்டான்னு நெனச்சிகினு இருந்தேன்டா. திட்றதே இல்லியேன்னு."

பாபு மட்டும் சிரித்தான். அவனும் பாதியில் நிறுத்திவிட்டான். அன்றைக்கு டீ குடித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. குடித்திருப்போம்.

பின்னால் நின்று கூப்பிடு

வீட்டுக்கு வந்தேன். ஸ்டெல்லா கொலுசைத் தேடி வீட்டையே கவிழ்த்துப் போட்டிருந்தாள். கைக்குட்டையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. 'என் காது போய்விட்டது' என்று சொல்ல நாக்கு வரவில்லை. அது உண்மைதானா என்றும் சந்தேகமாக இருந்தது. பிலிப் பேசுவது கேட்கிறதே. பஸ் ஹாரன் கேட்கிறதே. போன காது எப்படிப் பாதி மட்டும் போகும்?

பாப்பாவை வாங்கி மடியில் வைத்து, அடுப்படிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன்.

"ஸ்டெல்லா, என் பின்னாடி நின்னு கூப்பிடு. கத்தாத. எப்பவும் கூப்பிடுற மாதிரி கூப்பிடு."

காத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்தேன்.

பாப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் பார்வை என் தோளுக்கு மேலே போனது. பொக்கை வாயால் சிரித்தாள். திரும்ப என்னைப் பார்த்தாள். மறுபடியும் பார்வை தோளுக்கு மேலே போனது. மறுபடியும் என்னிடம் வந்தது. 'உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள், ஏன் சும்மா இருக்கிறாய்?' என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

ஸ்டெல்லா கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"எப்பத்துல இருந்துங்க?"

"தெரியல."

"அப்போ, நான் கூப்பிட்டப்பெல்லாம் திரும்பாம போனது..."

"கேக்கல."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். சத்தம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கயிறு

ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்தார்கள். சன்னமான சத்தங்கள்தான் முதலில் போகும், போனது திரும்பாது என்றார்கள். காது மிஷின் எனக்கு வந்ததெல்லாம் ரொம்பப் பின்னால். அதைப் போட்டுக்கொண்ட அன்று, பீரோவில் கிடந்த கொலுசை எடுத்து ஆட்டிப் பார்த்தேன். டப்பாவில் மணல் போட்டுக் குலுக்கியது மாதிரி ஏதோ கேட்டது. "இதுதானா?" என்று மகளிடம் கேட்டேன். "அதேதான்பா" என்றாள். நம்பிக்கொண்டேன்.

ஆனால் அப்போது மிஷின் இல்லை, லீவு மட்டும் முடிந்துகொண்டிருந்தது. ஸ்டெல்லாவுக்கு என்மேல் இருந்த கோபம் போய் பயம் வந்துவிட்டது. வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் பாப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அவள் வாயைப் பார்த்துத்தான் எனக்கு அது தெரிந்தது.

எனக்கு அப்போது பாதம் ஞாபகம் வந்தது. துணி உலர்த்தும் கயிற்றில் ஒரு துண்டு வெட்டினேன். ஒரு நுனியைத் தூளிச் சேலையின் அடியில் வெளிப்பக்கமாக முடிந்தேன். இன்னொரு நுனியை என் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஸ்டெல்லா தூளிக்குள் கையை விட்டு மெல்ல அசைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டே கையைத் தூக்கினேன். அவள் மறுபடி அசைத்தாள். மறுபடி தூக்கினேன். ஒரு தரம் அசைக்காமல் ஏமாற்றிப் பார்த்தாள். நான் ஏமாறவில்லை.

"உங்க கம்பெனி பாஷை எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். வேலையை விடுவதைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

அவள் கடைக்குப் போன முதல் நாள். சொல்தா வீட்டம்மாவிடம் என்னை உளவு பார்க்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அது எனக்குத் தெரியாது. நான் கட்டைவிரலில் கயிற்றோடு பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். விரலில் ஒரு சின்ன இழுப்பு. பூண்டைப் போட்டுவிட்டு எழுந்து தூளியை விலக்கிப் பாப்பாவைத் தூக்கினேன். அப்போதுதான் அந்தம்மா மூச்சிறைக்க வந்து நின்றார்.

"இப்பதான் சிணுங்குச்சு, நான் ஓடியாறதுக்குள்ள தூக்கிட்டியே! எப்பிடிப்பா கேட்டுது?"

காலைத் தூக்கிக் காட்டினேன். கயிறு இன்னும் விரலிலேயே இருந்தது. அந்தம்மா வாசற்படியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இருட்டுகிற நேரத்தில் ஸ்டெல்லா வந்தாள். பாப்பா என் தோளில் தூங்கியிருந்தாள். நான் அடுப்படியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். திரும்பும்போதுதான் பார்த்தேன், அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, கூப்பிடவில்லை. நான் திரும்பும் வரை காத்திருந்திருக்கிறாள்.

புருவத்தைத் தூக்கி, மூடிய கையைச் சுற்றிக் காட்டினாள்.

எனக்கு ஒரு கைதான் சும்மா இருந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்துக் காட்டினேன்.